உப்புப் போத்தலும் ஒரு மணி நேர நேர்காணலும்

மட்டக்களப்பு நகரில் இரண்டு இளம் பொறியியலாளர்கள் சேர்ந்து, நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் சிறிய கருவி ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். கருவி நல்லது. விளம்பரத்துக்குத்தான் கையில் காசு இல்லை. பெரும்போக அறுவடைக்கு முன்னர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை விவசாயிகளிடம் விஷயம் போய்ச் சேர வேண்டும், என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார்கள். விளம்பர வாசகம் எழுதுவதை விட்டுவிட்டு, நெல்லோடு வாழ்ந்த ஒருவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கதைப்போம் என்றேன். அதை முழுதாகப் பொட்காஸ்டாகப் போடுவோம், வீடியோத் துண்டு, வட்ஸ்அப் ஓடியோ, கையேடு என்று தேவைப்படும் மற்ற எல்லாவற்றையும் அதற்குள்ளிருந்தே எடுப்போம் என்பது திட்டம். அந்த வேலை நடந்த விதத்தை இங்கே பதிந்து வைக்கிறேன். இதே போலச் சிறிய நிறுவனங்களுக்கு உள்ளடக்கம் செய்து கொடுப்பவர்களுக்குப் பயன்படும்.

யாரை அழைப்பது என்பதில் முதலில் இழுபறி இருந்தது. பெரிய பட்டம் உள்ள ஒருவர் வந்தால் முதலீட்டாளர்கள் மதிப்பார்கள் என்று நிறுவனத் தம்பிமார் நினைத்தார்கள். நான் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரைச் சொன்னேன். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமெல்லாம் மோட்டார் சைக்கிளில் அலைந்து வேலை செய்தவர். வயல் வரம்பில் நின்று ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பழகிய வாய் அது. வாங்கப் போகிறவர் விவசாயி, அவர் நம்பும் குரல்தான் முதலில் வேண்டும். முதலீட்டாளருக்குத் தேவையானதையும் அதே பேச்சிலிருந்து பிறகு எடுத்துவிடலாம். சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.

கேள்விகள்

இந்த வேலையில் பாதி, மைக்கைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தம்பிமார் அனுப்பிய கேள்விப் பட்டியலில் முதலாவது, 'நெல்லில் ஈரப்பதத்தின் முக்கியத்துவம் என்ன?' என்பது. அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எதுவும் பிழையாக இருக்காது, ஆனால் வெட்டி எடுத்து ஒருவருக்கு அனுப்பக்கூடிய ஒரு வசனமும் அதில் இருக்காது.

போதனாசிரியர் ஐயாவுடன் முதலில் தொலைபேசியில் கதைத்தேன். பதிவு செய்யவில்லை, கேட்டுக் குறிப்பெடுத்தேன். எந்த இடத்தில் அவருடைய குரல் உயர்கிறது, எந்த இடத்தில் 'அதை ஏன் கேக்கிறீங்க' என்று இழுக்கிறார் என்று பார்த்து, அந்த இடங்களை நோக்கிக் கேள்விகளைத் திருப்பினேன். நெல்லுக் காய்ந்துவிட்டது என்று நம்பி மூடை கட்டிய ஒருவருக்கு என்ன நடந்தது? ஈரத்துக்காக வியாபாரி நிறையில் கழிவு வெட்டும்போது விவசாயி ஏன் வாய் திறக்க மாட்டார்? கருவி எதுவும் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? கருவி எப்போது பொய் சொல்லும்? கடைசிக் கேள்வியைத் தம்பிமார் விரும்பவில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமான கேள்வி. ஒரு பொருள் எங்கே பிழை விடும் என்று சொல்லத் தெரிந்தவர், அது எங்கே சரியாக இருக்கும் என்று சொன்னால்தான் கேட்பவர் நம்புவார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன்: பதில் சொல்லும்போது கேள்வியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஓம், அது பிழைதான்' என்று தொடங்கும் பதிலை முழு நேர்காணலில் கேட்கலாம். தனியாக வெட்டி எடுத்தால் எது பிழை என்று தெரியாது. 'தார் ரோட்டில காயப்போட்ட நெல்லு மேலால காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள ஈரம் நிக்கும்' என்று தொடங்கினால் அது தானாக நிற்கும். அவர் அடிக்கடி மறந்தார். மறந்தபோது நான் அடுத்த கேள்விக்குப் போகாமல் கொஞ்சம் பேசாமல் இருந்தேன். அவரே நினைவுபடுத்திக்கொண்டு திரும்பத் தொடங்குவார்.

ஒப்புதலைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, ஐயாவும் நானும் கையெழுத்திட்டோம். வெளியே போகும் ஒவ்வொரு துண்டையும் ஐயா முதலில் பார்ப்பார், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம், கருவியை வாங்குங்கள் என்று அவர் வாயால் சொல்லத் தேவையில்லை. அரசாங்க உத்தியோகத்தராக இருந்து ஊரில் பெயர் எடுத்தவரை விற்பனையாளராக மாற்றுவது மரியாதையுமில்லை, பயனுமில்லை.

பதிவு

ஐயாவின் வீட்டு முன்னறையிலேயே பதிந்தோம். ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை, வெறும் சுவர். கை தட்டினால் எதிரொலிக்கும். ஐயாவுக்கு முன்னாலும் எனக்குப் பின்னாலும் தடித்த படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம், மேசைமேல் மடித்த துவாய் ஒன்றைப் போட்டோம். அதிலேயே குரலின் எதிரொலி பெரிதாகக் குறைந்தது.

மின்விசிறிதான் பெரிய பிரச்சினை. அதன் இரைச்சலைப் பிறகு மென்பொருளில் அழிக்கப் போனால் குரலும் சேர்ந்து தகரத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். நிறுத்திவிட்டுக் கதைப்பது, இடையிடையே நிறுத்தி விசிறி போட்டு மோர் குடிப்பது என்று வைத்துக்கொண்டோம். தெருவில் பாட்டோடு வரும் பாண் ஓட்டோ, பள்ளிவாசல் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி ஆகியவற்றின் நேரங்களை முன்கூட்டியே வீட்டாரிடம் கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்தைத் தெரிவு செய்தோம். பாங்கு கேட்டால் நிறுத்திவிட்டு முடிந்தபின் தொடர்வது. வசனத்தின் நடுவில் வெளிச்சத்தம் இருந்தால் அந்த இடத்தில் வெட்டவே முடியாது, சத்தமும் துண்டுபட்டுத் துள்ளும்.

சட்டையில் குத்தும் சிறிய மைக்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு போனில். பதிவு 48 கிலோஹேர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக. குரல் உயரும்போதும் அளவு -12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தோம், 0ஐத் தொட்டால் குரல் உடையும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் இரண்டு ஓடியோவையும் வீடியோவையும் பிறகு ஒன்றாகப் பொருத்தலாம். யாரும் பேசாமல் அறையின் வெறும் ஒலியை மட்டும் அரை நிமிடம் பதிந்துகொண்டோம். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அது கட்டாயம் தேவைப்படும்.

வீடியோவுக்கு மூன்றாவது போன், கிடையாக, 4கே தரத்தில், ஐயாவைச் சட்டகத்தின் நடுவில் வைத்து. இதற்குக் காரணம் இருக்கிறது. 4கே சட்டகத்தின் உயரம் 2160 புள்ளிகள். அதிலிருந்து நெட்டையாக 9:16 வெட்டினால் அகலம் 1215 கிடைக்கும். போனில் பார்க்கும் நெட்டை வீடியோவுக்கு 1080 போதும். ஆகவே ஒரே பதிவிலிருந்து யூடியூபுக்குக் கிடை வீடியோவும் பேஸ்புக்குக்கு நெட்டை வீடியோவும் தரம் குறையாமல் எடுக்கலாம்.

பேச்சை எழுத்தாக்கியது

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளைக் கணினியில் இறக்கி ஓட்டினோம். இலவசம், இணையமும் தேவையில்லை, தமிழும் எடுக்கும். ஆனால் அது கற்ற 680,000 மணி நேரப் பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலம். ஐயாவின் மட்டக்களப்புப் பேச்சை அது பல இடங்களில் வேறு எதுவோ ஆக்கியது. 'பதினாலு' என்று அவர் சொன்னது 'நாலு' என்று விழுந்தது. ஈரப்பதம் பற்றிய பேச்சில் இந்தப் பிழை போதும், முழு வேலையையும் கெடுத்துவிடும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. ஐயா போத்தலை எடுத்து, உப்புப் போட்டு, நெல்லுப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் மென்பொருள் தானாகவே ஒரு வசனத்தை எழுதி வைத்திருந்தது, யாரும் சொல்லாத வசனம். பேச்சில்லாத நீண்ட இடங்களில் விஸ்பர் இப்படிச் செய்வது தெரிந்த குறைபாடுதான். அதனால் எந்த நிமிடத்தில் என்ன விஷயம் வருகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் அந்த எழுத்தைப் பயன்படுத்தினோம். வெளியே போகப்போகும் பகுதிகளை நானே காதில் கேட்டு, ஐயா பேசிய மாதிரியே தட்டச்சு செய்தேன். ஒருவருடைய பெயரில் ஒரு வசனத்தைப் போடும்போது அதை மனிதக் காது ஒன்று கேட்டிருக்க வேண்டும். இதில் நேரம் மிச்சம் பிடிக்கவே கூடாது.

தட்டச்சு செய்ததைக் காகிதத்தில் அச்செடுத்து, தனியாக நிற்கும் பகுதிக்குப் பச்சைக் கோடும், சரிபார்க்க வேண்டிய எண்ணுக்கும் கூற்றுக்கும் சிவப்புக் கோடும் போட்டேன். பச்சையும் சிவப்பும் ஒன்றாக விழுந்த இரண்டு இடங்கள்தான் பிறகு எல்லாவற்றையும் தூக்கி நிறுத்தின.

உப்புப் போத்தல்

முதலாவது இடம், கருவி இல்லாமல் ஈரம் பார்க்கும் முறை. ஐயா சொன்னதை அப்படியே தருகிறேன்:

'நெல்லு காஞ்சிட்டா எண்டு பல்லால கடிச்சிப் பாக்கிறதுதான் எங்கட ஆக்கள்ர வழக்கம். டக்கெண்டு உடைஞ்சா காஞ்சிட்டு. ஆனா மனே, என்ர பல்லு வேற, உன்ர பல்லு வேற. நான் போத்தலுக்குள்ள உப்புப் போட்டுத்தான் காட்டுவன்.'

முறை எளியது. நன்கு காய்ந்த 750 மில்லி கண்ணாடிப் போத்தலில் 250 முதல் 300 கிராம் வரை நெல், 20 முதல் 30 கிராம் வரை காய்ந்த உப்பு. மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துவிட வேண்டும். உப்பு போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் ஏறத்தாழ 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் கிடந்தால் அதற்குக் கீழே. தானியக் களஞ்சியம் பற்றிய கைநூல்களிலும் இந்த முறை உண்டு. நாங்களும் அன்றே வீட்டிலிருந்த நெல்லிலும், தண்ணீர் தெளித்து வைத்த நெல்லிலும் செய்து பார்த்தோம். ஈர நெல்லிருந்த போத்தலின் கண்ணாடியில் வெள்ளைப் படலம் போல உப்பு ஒட்டி நின்றதை போன் கமராவை மிக அருகில் கொண்டுபோய்ப் படம் பிடித்தோம்.

இதை வெளியிடுவோம் என்றதும் தம்பிமாரில் ஒருவர் தயங்கினார். 'அண்ணா, உப்புப் போத்தலால பாக்கலாம் எண்டா எங்கட மெஷினை ஏன் வாங்குவாங்க?' நியாயமான கேள்வி. அன்று மாலை முழுக்க அதைத்தான் கதைத்தோம். என் வாதம் இது: போத்தல் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். காயவில்லை என்று தெரிந்த விவசாயி அடுத்து கேட்கப்போவது, எவ்வளவு காயவில்லை என்பதை. 16 ஆ, 20 ஆ? அதைப் போத்தலால் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை நாம் விளம்பரத்தில் கேட்டால் அது நம்முடைய கேள்வி, போத்தலைக் குலுக்கிய விவசாயி கேட்டால் அது அவருடைய கேள்வி. அதோடு, கருவி வாங்க வசதியில்லாதவருக்கும் இந்த வீடியோ உண்மையாகவே உதவும். ஐயா இவ்வளவு தூரம் கதைத்ததும் அதற்காகத்தான்.

வீடியோ வரைவைப் பார்த்த ஐயா ஒன்றைக் கேட்டார். உப்பு காய்ந்ததாக இருக்க வேண்டும், ஈர உப்பு என்றால் நல்ல நெல்லையும் ஈரம் என்று காட்டிவிடும் என்ற வசனம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். அதனால் வீடியோ நீண்டது. நீளட்டும். யூடியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை ஏற்கிறது. நிபந்தனையை வெட்டிச் சுருக்கிய அறிவுரையால் ஒருவரின் நெல் பழுதானால் அந்தச் சுருக்கத்தால் யாருக்கு என்ன லாபம்?

கழிவுக் கணக்கு

இரண்டாவது இடம், வியாபாரி வெட்டும் கழிவு. அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபை நெல் எடுக்க வைத்திருக்கும் தர அளவு 14 வீத ஈரம். வெட்டு மெஷினில் வந்த நெல் 20 வீதத்துக்கு மேலும் இருக்கும். ஜனவரி மழைக்குள் காயப்போட முடியாமல் அப்படியே வயல் கரையில் விற்பவர்களிடம் வியாபாரி மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். அந்தத் தொகை நியாயமா என்று விவசாயிக்குத் தெரியாது. ஐயா இந்த இடத்தில் கோபத்தோடு பேசினார், அந்தக் கோபம் ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது.

அவர் சொன்னதைக் கணக்காக்கினோம். காயும்போது போவது தண்ணீர் மட்டும், உலர்ந்த பொருள் மாறுவதில்லை. 18 வீத ஈரமுள்ள 100 கிலோவில் உலர்ந்த பொருள் 82 கிலோ. 14 வீதத்துக்கு வந்ததும் அந்த 82 கிலோ, மொத்த நிறையில் 86 வீதம். 82ஐ 0.86ஆல் பிரித்தால் 95.35. ஆக, நியாயமான கழிவு 100 கிலோவுக்கு 4.65 கிலோ. 20 வீதம் என்றால் ஏறத்தாழ 7 கிலோ, 22 வீதம் என்றால் 9.3 கிலோ. 66 கிலோ மூடையில் 18 வீதத்துக்கு ஏறத்தாழ 3 கிலோ. 100 கிலோவில் ஒரு வீதத்துக்கு ஒரு கிலோ என்று சிலர் போடும் கணக்கு விவசாயிக்குச் சாதகம், 18 வீத நெல்லுக்கும் மூடைக்கு ஐந்து ஆறு கிலோ என்று கண்மூடித்தனமாக வெட்டுவது நஷ்டம். இரண்டு பக்கத்தையும் ஐயாவிடம் காட்டினோம். 'உள்ளதைப் போடுங்க, வியாபாரிக்கும் அநியாயம் செய்யக்கூடாது' என்றார்.

இந்தக் கணக்கை அட்டவணையாக்கி ஒரே படமாகப் போட்டோம். மேலே ஐயாவின் ஒரு வசனம், நடுவில் எண்கள், கீழே சிறிதாக நிறுவனத்தின் பெயர். கருவியின் படம் இல்லை.

வெளியே போன வடிவங்கள்

முழு நேர்காணல் யூடியூபிலும் ஸ்பொட்டிபையிலும் போனது. ஓடியோவை ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் -16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தினோம், ஆப்பிள் பொட்காஸ்ட் கேட்பதும் அதுவே. முழுதாகக் கேட்டவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர்கள், மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள். விவசாயி இருக்கும் இடம் வட்ஸ்அப். அங்கே மூன்று நிமிட ஓடியோ, நன்றாகச் சுருக்கிய 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3, கோப்பு ஒன்றரை எம்பிக்குள். டேட்டா போட்டுப் பார்க்கத் தயங்குபவரும் இதைத் திறப்பார், வரம்பில் நின்றபடி கேட்பார், மச்சானுக்கு அனுப்புவார். எந்த வீடியோவையும் விட அதிகம் பரவியது இதுதான் என்று எங்களுக்கு வந்த அழைப்புகளிலிருந்து தெரிந்தது.

வீடியோக்களில் எழுத்து ஓட வேண்டும், சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறையப் பேர். வீடியோ வெட்டும் அடோபி பிரீமியர் மென்பொருளில் தமிழ் எழுத்துப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தெரிவு செய்தால் சரியாகும். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டோம், வெயிலில் போனைப் பார்ப்பவருக்காகத் தடித்த எழுத்து, கறுப்புப் பின்னணி. கமநல சேவை நிலையங்களில் வைக்கக் கையேடு அடித்தபோது வேறு சிக்கல்: அச்சகத்தில், இன்று போனிலும் கணினியிலும் உள்ள யூனிகோட் முறைக்கு முந்திய பாமினி எழுத்துருதான் பாவனையில். யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றும்போது வீத அடையாளமும் தசமப் புள்ளியும் இடம் மாறவில்லையா என்று எண் எண்ணாகப் பார்க்க வேண்டும். கழிவு அட்டவணையில் ஒரு புள்ளி நகர்ந்தால் கையேட்டையே எரிக்க வேண்டியதுதான்.

முதலீட்டாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரை எழுதினோம். அதில் கழிவுக் கணக்கு முன்னால் வந்தது, கருவி எந்த நட்டத்தை அளக்கிறது என்பது அவர்களுக்கு அதிலேயே தெரிந்தது. 'கருவி எப்போது பொய் சொல்லும்' என்ற கேள்விக்கு ஐயா சொன்ன பதில், கருவியின் பெட்டிக்குள் வைக்கும் துண்டுக் காகிதமாகிவிட்டது: 'வெயிலில இருந்து அள்ளின கையோட அளக்காதீங்க. நிழல்ல ஆறவிட்டு, மூடையிர மேல, நடு, அடி எண்டு மூண்டு இடத்தில எடுத்துப் பாருங்க.'

உப்புப் போத்தல் வீடியோ போன பிறகு வந்த அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது, போத்தலில் ஒட்டுகிறது, அப்படியென்றால் எத்தனை வீதம் என்பது. அந்தக் கேள்விக்கு மறுமொழியாகக் கழிவு அட்டவணைப் படத்தை அனுப்பினோம், எத்தனை வீதத்துக்கு எத்தனை கிலோ போகும் என்பது அதில் தெரியும். விலை என்ன என்று அவர்களே அடுத்து கேட்டார்கள். தயங்கிய தம்பிதான் இப்போது அந்த அழைப்புகளை எடுக்கிறார். வாங்காதவரோடும் நின்று நிதானமாகக் கதைக்கிறார்.

நேர்காணலில் இன்னும் தொடாத பகுதி இருக்கிறது. விதைநெல்லை அடுத்த போகம் வரை வைப்பது பற்றி ஐயா நிறையச் சொல்லியிருக்கிறார். அதற்கு 14 வீதமும் போதாது, இன்னும் காய வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வேளாண்மை அழிந்த பிறகு விதைநெல்லுக்கு அலைந்ததையும் சொல்லியிருக்கிறார். அதை இப்போது வெளியிட்டால் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். விதைநெல் எடுத்து வைக்கும் நேரத்தில் அதைக் காயவைக்கும் பகுதியும், விதைப்புக்கு முன்னர் செப்டெம்பரில் முளைதிறன் பார்க்கும் பகுதியும் போகும். இரண்டையும் வெட்டி, ஐயாவிடம் காட்டிச் சம்மதம் வாங்கி, திகதி போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறோம்.